பதினேழு வீட்டுக் குருக்கத்தி

பினாங்கில் பதினேழு வீடுகளிலும் ஒரு கோவிலிலும் என் பேச்சை நம்பி ஏற்றிவிட்ட கொடி உண்மையிலேயே குருக்கத்திதானா என்று தெரிந்துகொள்ள நான் மதுரைக்குப் போனேன். எழுபத்தொரு வயதில், இரண்டு கண்ணாடி, மூன்று வகை மாத்திரை, ஒரு வெந்நீர்க் குடுவை, ஒரு குடை இவற்றைச் சுமந்துகொண்டு ஒரு பூவின் பெயருக்காகக் கடல் தாண்ட வேண்டுமா என்று நான்கு பேர் கேட்டார்கள். என் மனைவி சிவகாமி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியில் துண்டை மடித்து வைத்தாள், அவ்வளவுதான். அதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

விஷயம் இது. பதினோரு வருடங்களுக்கு முன், சிவகாமியின் தம்பி ராமையா மதுரைத் தல்லாகுளத்து வீட்டிலிருந்து ஒரு கொடியின் துண்டுகளை ஈரத்துணியில் சுற்றி, பினாங்குக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். அவை வேர்விட்ட பிறகு பெயரைக் கேட்டு அவள் எழுத, பதில் வந்தது: ‘இது குருக்கத்தி. மாதவி என்றும் சொல்வார்கள்.’ நான் தமிழ்ப் பள்ளியில் முப்பத்துநான்கு ஆண்டுகள் பாடம் நடத்தியவன். பழைய பாட்டுகளில் குருக்கத்தி வரும்போதெல்லாம் ‘ஒருவகைக் கொடி’ என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனவன். அந்தக் கொடியே என் வாசலுக்கு வந்துவிட்டது! ஆனாலும் யாரோ சொன்னதை அப்படியே நம்புகிற ஆள் இல்லை நான். புத்தகத்தைப் பார்த்தேன். குருக்கத்திக்கு இதழ் ஐந்து, மகரந்தத்தாள் பத்து என்று போட்டிருந்தது. கொடி பூத்ததும் எண்ணினேன். ஐந்து, பத்து. ஒரு பூவோடு விடவில்லை. இருபது பூக்களை எண்ணினேன். இருபதிலும் ஐந்து, பத்து. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கேட்டவர்களுக்கெல்லாம் துண்டு வெட்டிக் கொடுத்தேன். பதினேழு வீடு ஆயிற்று. எங்கள் கோவிலில் பந்தலே போட்டு ஏற்றினார்கள். மாலையில் வெள்ளையாக விரியும் பூ மறுநாள் இளஞ்சிவப்பாகி, அதற்கும் மறுநாள் நல்ல சிவப்பாகும். பந்தலுக்கு முன்னால் ‘குருக்கத்தி’ என்று வெட்டிய ஒரு கருங்கல்லை நிறுத்துவது, அதன் அடியில் என் பெயரையும் வெட்டுவது என்று செயலாளர் முடிவு செய்தார். வேண்டாம் என்று நான் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கும் ஒரு பெண் சாமி கும்பிட வந்தார். “ஐயா, இது குருக்கத்தி இல்லையே” என்றார். கையிலிருந்த அர்ச்சனைச் சீட்டின் பின்பக்கத்தில் மூன்று குறிப்பு எழுதிக் கொடுத்தார். ஐந்து இதழில் ஒன்றில் மட்டும் மஞ்சள் இருக்கும். பத்துத் தாளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருக்கும். காய்க்கு மூன்று சிறகு இருக்கும். எங்கள் பூவில் மஞ்சளும் இல்லை, நீளமும் இல்லை. காயைப் பார்க்கலாம் என்றால் பதினோரு வருடத்தில் ஒன்றுகூடக் காய்த்ததில்லை.

பினாங்கிலேயே விசாரித்திருக்கலாமே என்பீர்கள். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் மாட், தோட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கொடி வந்த புதிதிலேயே ஒன்று சொன்னார். “இது ஆக்கார் டானி. எங்கள் காட்டோரத்தில் எவ்வளவோ இருக்கிறது.” இது மதுரையிலிருந்து வந்த கொடி என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் அதற்குமேல் என்னோடு பேசவில்லை. அவரும் சிவகாமியும் வேலிக்கு மேலாக எலுமிச்சையும் கறிவேப்பிலையும் மாற்றிக்கொள்வார்கள். அவர்கள் பேச்சில் நான் தலையிடுவதில்லை.

செயலாளர் கல்தச்சரை நிறுத்தி வைத்தார். “நேரில் பார்த்துத் தந்தி கொடுங்கள். வெள்ளிக்கிழமை காலை அவர் உளியை எடுப்பார். அதற்குள் தந்தி வராவிட்டால் குருக்கத்திதான்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தல்லாகுளத்தில் இறங்கினேன். ராமையா வாசலிலேயே நின்றான். ஐம்பத்தேழு வயது, அரசாங்க அலுவலகத்தில் இன்னும் ஒரு வருடச் சேவை பாக்கி. போர்ட்டிகோ முழுக்க அதே கொடி, அதே பூ.

“வாங்க மச்சான். பாத்தீகளா, தாய்க்கொடி! இதோட பிள்ளைகதான் உங்க ஊர்ல பதினேழு வீட்டுல கெடக்கு” என்றான்.

“மாப்ள, பெட்டியை வைத்துவிட்டுப் பேசலாமா?”

“பெட்டிய கோமதி எடுப்பா. நீங்க எண்ணுங்க. அஞ்சு இதழ், பத்துத் தாள். நீங்களே எழுதுனீகள்ல?”

ராமையாவின் மனைவி கோமதி விளக்குமாற்றோடு வந்தாள். “அண்ணே, பேரு எதுவா இருந்தாலும் தெனம் ரெண்டு வாட்டி கூட்டிப் பெருக்குறது நான். கொட்டாத கொடி ஏதாச்சும் இருந்தா அத எழுதிக் குடுங்க” என்று சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

காலைப் பலகாரத்தில் இட்லிக்கு நான்கு சட்னி வைத்தார்கள். பினாங்கில் ரொட்டிச் சானாய்க்கு ஒரு கறிதான். எதைத் தொட்டுக்கொள்வது என்ற குழப்பமே வராது. இங்கே நான்கையும் முறை வைத்துத் தொட்டு, ஆறாவது இட்லியில் கணக்கு தவறி, ஏழாவதையும் சாப்பிட வேண்டியதாயிற்று. மாத்திரை ஒன்று போட்டுக்கொண்டேன். வெந்நீர்க் குடுவையைத் திறந்தால் மூடியின் ரப்பர் வளையத்தைக் காணோம். பயணம் முழுவதும் அது ஒழுகியது.

திங்கட்கிழமை மாலை ராமையா என்னை ஸ்கூட்டரின் பின்னால் உட்கார வைத்துத் தல்லாகுளத்துத் தோட்டங்களைக் காட்டப் புறப்பட்டான். ஒரு கையில் குடை, ஒரு கையில் அவன் தோள். முதல் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தாசில்தார். “குருக்கத்திதானே? வாங்க” என்று கொல்லைக்கு அழைத்துப்போய், ரோஜா நிறத்தில் கொத்துக்கொத்தாகப் பூத்த கொடிரோஸைக் காட்டினார். அது எந்த நாட்டிலிருந்தோ தோட்ட அழகுக்கு வந்த கொடி. இரண்டாவது வீட்டில் காட்டியது காகிதப்பூ. அதற்கும் குருக்கத்தி என்றே பெயர் வைத்திருந்தார்கள். மூன்றாவது வீட்டில் எங்கள் கொடியே இருந்தது. வீட்டம்மாள் பெருமையாகச் சொன்னார்: “குருக்கத்திங்க. ராமையா சார் குடுத்தது.”

மூன்று வீடு, மூன்று குருக்கத்தி. ராமையா இந்த ஊரில் எத்தனை வீட்டுக்குக் கொடுத்திருக்கிறான் என்று கேட்டேன். “ஒம்பது இருக்கும். உங்க ஊரு காலேஜ் டீச்சரம்மா சின்னப் பிள்ளை மச்சான். அதுக்கு என்ன தெரியும்? அக்கா தோட்டத்துல பதினோரு வருசமா குருக்கத்தின்னு நிக்குது, இன்னிக்கு வந்து இல்லைங்குறதா?” என்றான். அவன் குரல் உயர்ந்துவிட்டது. சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டர்காரர் திரும்பிப் பார்த்தார். அக்கா என்ற சொல் வரும்போது மட்டும் அவன் வண்டியின் வேகம் கூடுவதை நான் கவனித்தேன். குடையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை தனியாகவே பழைய நகரத்துக்குள் போனேன். பெயர் தெரியாத இலையை யாரிடம் காட்டுவது என்று யோசித்து, நாட்டு மருந்துக் கடைதான் சரி என்று முடிவு செய்திருந்தேன். தோட்டக்காரருக்குப் பெயர் மாறினால் பூ மாறாது. மருந்துக் கடைக்காரருக்குப் பெயர் மாறினால் மருந்தே மாறிவிடும். கேட்ட ஐந்து கடைகளில் நான்கில் உதட்டைப் பிதுக்கினார்கள். ஐந்தாவது காதர் பாயின் கடை. சுவர் முழுக்க இழுப்பறைகள். காத்திருந்த நேரத்தில் எண்ணினேன், தொண்ணூற்றாறு. எதிலும் பெயர் எழுதியிருக்கவில்லை.

ராமையா வீட்டுத் துளிரை நீட்டினேன். வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, மேசைமேல் வைத்தார்.

“யாருங்கய்யா இதக் குருக்கத்தின்னது?”

“என் மைத்துனன்.”

“அவர் வைத்தியரா?”

“அரசாங்க குமாஸ்தா.”

“அப்பச் சரி” என்றார் காதர் பாய். “இது ரங்கூன் மல்லிங்க. பங்களாவுக்குப் பங்களா வச்சிருக்காக. குருக்கத்தி எல சொறி செரங்குக்குப் போடுறது. இத அரைச்சுப் போட்டா சொறியும் போகாது, என் கடைக்கு ஆளும் வராது.” எழுந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓர் இழுப்பறையைத் திறந்து, காய்ந்த இலை ஒன்றை எடுத்து வைத்தார். தடித்த இலை, காய்ந்தும் மினுமினுப்புப் போகவில்லை. ராமையாவின் இலை பக்கத்தில் காகிதம்போல் கிடந்தது.

“பூ? காய்?” என்றேன்.

“எனக்கு எலைதான் வேணும், பூவெல்லாம் நான் பாத்ததில்ல. எழுமலைப் பக்கத்துல இருந்து பேச்சியம்மான்னு ஒரு அம்மா மாசம் ஒரு மூட்டை கொண்டாரும். இப்பப் பங்குனிதான, போனீகன்னா பூவும் இருக்கும் காயும் இருக்கும். பஸ் நிக்கிற எடத்துல டீக்கடையில கேளுங்க. இன்ஷா அல்லா கெடைக்கும்.”

வெளியே வந்ததும் தலை சுற்றியது. வெயிலா, ரங்கூன் மல்லியா என்று சொல்ல முடியவில்லை. எதிர்க்கடையில் ஜிகர்தண்டா விற்றார்கள். ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று கேட்டேன். “குடிக்கிற தண்ணிலதாய்யா” என்றார் கடைக்காரர். அந்தப் பதிலில் குறை காண வழியில்லை. பாலும் கடற்பாசியும் நன்னாரியும் ஐஸ்கிரீமும் ஒரே கண்ணாடித் தம்ளரில். எங்கள் ஊரில் ஐஸ் கச்சாங் உண்டு; அதில் சோளமும் அவரையும் போட்டுக் குழப்புவார்கள். இது அப்படியில்லை. இரண்டு தம்ளர் குடித்தேன். தொண்டை கட்டும் என்று பயந்தேன், கட்டவில்லை.

அன்று இரவு சாப்பாட்டில் காதர் பாய் சொன்னதைச் சொன்னேன். ராமையா ரசத்தை வைத்துவிட்டு எழுந்தான். “நானும் வாரேன். நேர்ல பாத்துட்டுத்தான் மறு பேச்சு. நாளைக்கு லீவு போடுறேன்.”

புதன்கிழமை காலை ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி வழியாக எழுமலை போகும் பஸ்ஸைப் பிடித்தோம். எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. வேலிகளில் ஏறிய நாட்டுக் கொடிகளை நோட்டில் குறித்துக்கொண்டே போனேன்: கோவை, வேலிப்பருத்தி, முடக்கத்தான், பிரண்டை. எங்கள் துளிர்கள் ஐந்தை ஈரத்துணியில் சுற்றிக் காலடியில் பையில் வைத்திருந்தேன். எங்களுக்குப் பின் சீட்டில் ஒருவர் இரண்டு ஆடுகளோடு ஏறியிருந்தார்.

“ஆட்டுக்கு டிக்கெட் எடுத்தீகளாண்ணே?” என்றார் கண்டக்டர்.

“அது நின்னுக்கிட்டுத்தான வருது?”

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுக் குனிந்தால், என் பைக்குள் ஓர் ஆட்டின் தலை. நான் குடையால் தட்டுவதற்குள் நான்கு துளிர்கள் போய்விட்டன. ஐந்தாவதில் மூன்று இலை மிச்சம்.

“நல்ல எல போலருக்கே, எங்க கெடைக்கும்?” என்று கேட்டார் ஆட்டுக்காரர்.

“தல்லாகுளத்துல” என்றான் ராமையா எரிச்சலோடு. “ஒம்பது வீட்டுல கெடைக்கும்.”

உசிலம்பட்டிக்கு இந்தப்பக்கம் டயர் பஞ்சரானது. இறங்கியவர்கள் நாற்பத்தாறு பேர். திரும்ப ஏறும்போது எண்ணினால் நாற்பத்தைந்து. கண்டக்டரிடம் சொன்னேன். “அவரு ஊரு இதுதாய்யா. அவருக்காகவே பஞ்சரான மாதிரி இறங்கிப் போயிட்டாரு” என்றார்.

எழுமலையில் டீக்கடைக்காரர் பேச்சியம்மாளுக்குச் சொல்லியனுப்பினார். காத்திருந்த நேரத்தில் கம்மங்கூழ் கிடைத்தது. மோர்விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் வைத்தார்கள். மண் கலயத்தைக் கழுவினார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே ராமையா இரண்டு கலயம் முடித்துவிட்டான். நான் ஒன்றோடு நிறுத்தினேன். பிறகு அரைக் கலயம்.

பேச்சியம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். தலையில் சும்மாடு, இடுப்பில் அரிவாள். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். சொன்னேன்.

“கடலு தாண்டியா? ஒரு கொடியப் பாக்கவா? உங்க ஊர்ல கொடியே கெடையாதா பெரியவரே?”

“இருக்கிறது. பெயர்தான் தெரியவில்லை.”

“பேரு தெரியாட்டி என்ன, அது பூக்க மாட்டேங்குதா? சரி, வெரசா நடங்க, வெயில் ஏறிரும்.”

ஊருக்கு மேற்கே மலையடிவாரம்வரை நடந்தோம். என் எண்ணிக்கையில் மூவாயிரத்து நானூறு அடி. ராமையா குறுக்கே பேசியதால் நூறு கூடக்குறைய இருக்கலாம். வழியில் நான் நோட்டில் எழுதுவதைப் பேச்சியம்மாள் விசாரித்தார். காலையிலிருந்து எட்டுக் கொடி என்று படித்துக் காட்டினேன். “காய்த்த கோவை ஒன்று, காய்க்காத கோவை ஒன்று” என்ற இடத்தில் நிறுத்தினார்.

“அது எப்படிய்யா ரெண்டாகும்? இது பொம்பளக் கொடி, காய்க்கும். அது ஆம்பளக் கொடி, பூத்துட்டுச் சும்மா நிக்கும். சாதி ஒண்ணுதான்.” இரண்டிலும் பூவைப் பறித்துக் காட்டினார். ஒன்றின் கீழே சிறிய பச்சைப் பிஞ்சு ஒட்டியிருந்தது. மற்றதில் காம்பு மட்டும். எட்டு ஏழாயிற்று. அடித்துத் திருத்தினேன். ஏழைச் சுற்றி வட்டம் போட்டேன்.

ஓடை வறண்டு கிடந்தது. பாறைக்கு அப்பால் ஒரு பெரிய மரம்; அதன் மேல் மரமே தெரியாதபடி கொடி. அடித்தண்டு என் தொடை பருமன். வாசனைதான் முதலில் வந்தது. பிறகு பூ. இளஞ்சிவப்பு ஏறிய வெள்ளைக் கொத்துகள், இதழ் ஓரமெல்லாம் கிழித்துவிட்ட பட்டுத்துணிபோல் நார்நாராக.

பேச்சியம்மாள் ஒரு கிளையை வளைத்துப் பிடித்தார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு எண்ணினேன். இதழ் ஐந்து. நான்கு வெள்ளை, ஒன்றின் நடுவில் மஞ்சள், விரலால் தொட்டு வைத்ததுபோல. தாள் பத்து. ஒன்பது குட்டை, ஒன்று மட்டும் நீண்டு வளைந்து வெளியே நின்றது. ஐந்தும் பத்தும் இங்கேயும் அதேதான். அதனால்தான் ஏமாந்தேன். எண்ணிக்கை பொருந்தியதும் நான் பூவைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன்.

“காய்?” என்றேன்.

“இந்தா காத்தாடிக்காய்.” ஒரு காய்ந்த காயைப் பறித்து மேலே வீசினார். அது சுழன்று சுழன்று இறங்கி ராமையாவின் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. ராமையா குனிந்து எடுத்தான். மூன்று சிறகு. நடுச்சிறகு நீளம், பக்கத்துச் சிறகு இரண்டும் குட்டை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“இது வேற சாதிக் குருக்கத்தியா இருக்கும்ல மச்சான்?” என்று மெல்லக் கேட்டான்.

ஆடு மிச்சம் வைத்த துளிரைப் பேச்சியம்மாளிடம் நீட்டி, இது இந்தக் காட்டில் உண்டா என்று கேட்டேன்.

அவர் மூன்று இலையையும் பார்த்தார். “இது எங்க காட்டுது இல்லைய்யா. இம்புட்டு வருசம் நடக்குறேன், இதக் கண்டதில்ல” என்றார். பிறகு என் குடையையும் குடுவையையும் பார்த்துச் சிரித்தார். “உங்க காட்டுதா இருக்கும்!”

கேலிக்குத்தான் சொன்னார். எனக்கோ வேலிக்கு அப்பால் நின்ற மாட் நினைவுக்கு வந்தார். ஆக்கார் டானி. எங்கள் காட்டோரத்தில் எவ்வளவோ இருக்கிறது. அந்த வறண்ட ஓடையில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து, “பெரியவருக்கு வெயில் ஒத்துக்கலண்ணே, தண்ணி குடுங்க” என்று பேச்சியம்மாள் ராமையாவை விரட்டினார். குடுவையில் ஒரு வாய்த் தண்ணீர்தான் ஒழுகாமல் மிஞ்சியிருந்தது.

அவர் மடி நிறையக் காய் பொறுக்கிக் கொடுத்தார். நாற்பத்தொன்று இருந்தது. பதினெட்டை எடுத்துக்கொண்டேன்: பதினேழு வீடு, ஒரு கோவில். ராமையாவும் கையை நீட்டினான். அவனுக்கு ஒன்பது கொடுத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் பதினொரு நிறுத்தம்வரை அவன் அந்த ஒன்பது காயையும் கைக்குட்டையில் முடிவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை. பன்னிரண்டாவது நிறுத்தத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“யாரும் எங்கிட்டச் சொல்லல மச்சான். அந்தக் கொடிய வண்டியில வித்துட்டுப் போனவன் பேரே சொல்லல. துண்ட அனுப்புன பெறகு அக்கா லெட்டர் போட்டுச்சு, பேரு என்னடா தம்பின்னு. அம்புட்டுத் தூரத்துல இருக்கிற அக்காவுக்குத் தெரியலன்னு எழுத வெக்கமா இருந்துச்சு. இருக்கிறதுலயே நல்ல பேரா ஒண்ணு எழுதிட்டேன்.”

“எழுதியது நீ. முத்திரை குத்தியது நான்” என்றேன். “நான் எண்ணிப் பார்க்காமல் இருந்திருந்தால் அது ஒரு வீட்டோடு நின்றிருக்கும்.”

“அக்கா அந்த ஊரு முழுக்கச் சொல்லியிருக்கும். எந்தம்பி குடுத்ததுன்னு.”

“சொல்லியிருக்கிறாள்.”

“இப்ப என்னன்னு சொல்றது?”

உசிலம்பட்டியில் பஸ் நின்றபோது வெள்ளரிப்பிஞ்சு வாங்கி ஆளுக்கு இரண்டு தின்றோம்.

வியாழக்கிழமை காலை தந்தி அலுவலகம். பத்துச் சொல்லுக்கு மேல் தந்தி எழுதுவதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம்; சிவகாமிதான் அதில் கெட்டிக்காரி, அவள் தந்தியில் எப்போதும் சரியாகப் பத்து இருக்கும். நான் எழுதியது: ‘கொடி குருக்கத்தி அல்ல. ஆக்கார் டானி. கல்லில் அப்படியே வெட்டவும். தவறு என்னுடையது.’ எண்ணினேன். பத்து.

ராமையா படிவத்தைப் பிடுங்கினான். ‘என்னுடையது’ என்பதை அடித்து ‘ராமையாவுடையது’ என்று எழுதினான்.

“இது நான் கொடுக்கிற தந்தி மாப்ள.”

“எங்க அக்காவுக்குத்தான போகுது?”

“செயலாளருக்குப் போகிறது.”

“அவரு போயி அக்காகிட்டத்தான படிச்சுக் காட்டுவாரு? உங்க மேல பழி போட்டு எழுதுனா அது நம்பாது. நீங்க எண்ணாம ஒண்ணும் செய்ய மாட்டீகன்னு அதுக்குத் தெரியும்.”

வரிசையில் பின்னால் நின்ற ஏழு பேரில் ஒருவர், “அண்ணே, தப்பு யாரு பேர்ல இருந்தா என்ன, எங்க வீட்டுல கல்யாணத் தேதி நிக்குது” என்றார். தந்தி குமாஸ்தா பேனாவை எடுத்து, அதையும் அடித்துவிட்டு, “இருவருடையது. சரியா?” என்று கேட்டார். அப்போதும் பத்துச் சொல்தான். சரி என்றோம். தமிழை ஆங்கில எழுத்தில் மாற்றி, ‘ஆக்கார் டானி’யை இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் உளியின் நினைப்புத்தான். தந்தி போய்ச் சேர்ந்ததா, கல்தச்சர் சீக்கிரம் வந்துவிட்டாரா என்று வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். “அண்ணே, நடக்குறதுதான் நடக்குறீக, இந்த வெளக்குமாத்தையும் பிடிச்சுக்கங்க” என்றாள் கோமதி. போர்ட்டிகோவில் உதிர்ந்திருந்த பூக்களை நானே பெருக்கினேன். நூற்று அறுபதுவரை எண்ணிவிட்டு விட்டேன். கொடியைப் பற்றி எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை என்று அப்போது தெரிந்தது. அது ஒரு நாளும் தன்னைக் குருக்கத்தி என்று சொல்லிக்கொண்டதில்லை. நல்ல கொடி, எங்கள் ஊர்க் கொடி.

சனிக்கிழமை பகலில் தந்திச் சேவகர் வந்தார். ராமையா வாங்கிப் பிரித்தான். செயலாளர் அனுப்பியதல்ல, சிவகாமி அனுப்பியது.

‘தெரியும். மாட் சொன்னார். தம்பியைத் திட்டாதீர்கள். விதை கொண்டுவரவும்.’

ராமையா அதை மூன்று தடவை படித்தான். பிறகு உள்ளே போய், “கோமதி, அக்காவுக்கு அப்பவே தெரியுமாம்டி!” என்று கத்தினான். சமையலறையிலிருந்து கோமதியின் சிரிப்பு கேட்டது.

நான் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணினேன். ஏழு சொல். சிவகாமியின் தந்தியில் பத்துக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. இன்னொரு தடவை எண்ணினேன், ஏழுதான்.

மிச்ச மூன்று சொல் எவை என்று எனக்குப் புரிந்தது: இது ஆக்கார் டானி. தம்பிக்காகப் பதினோரு வருடம் அந்த மூன்றையும் அவள் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள்.